போர் விதியை எழுதியவர் யார்?



"பையன் எந்நேரமும் கைப்பேசியில் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறான், ஐயா!" இந்தக் குறையைக் கேட்காத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஈப்போ வட்டாரத்தில் இருப்பாரா என்பது ஐயமே. இதைச் சொன்ன மறுகணம் நம்மவர் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகின்றனர். ஓர் அணியினர், "சண்டை ஆட்டங்களை அடியோடு தடை செய்யுங்கள்" என்கின்றனர். மற்றோர் அணியினர், "இப்பொழுது அதுவும் ஒரு விளையாட்டுத்துறை. பதக்கம் கொடுக்கிறார்கள், பணம் கொடுக்கிறார்கள். விட்டுவிடுங்கள்" என்கின்றனர். இரண்டு அணியினரும் சத்தமாகப் பேசுகின்றனர். ஆனால், இவர்களுள் எவரும் அந்தச் சண்டையின் விதிகளைப் படித்துப் பார்த்ததில்லை!

நான் இரண்டு அணியிலும் சேர மாட்டேன். பிள்ளைகள் மோதி விளையாடுவது எனக்குக் கவலை தரவில்லை. எந்த விதியின்படி மோதுகிறோம், அந்த விதியை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று அவர்கள் கேட்காமல் மோதுகிறார்களே, அதுதான் கவலை தருகிறது. கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம். நாமோ தடை என்றும் விடுதலை என்றும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சண்டை தெரியாத தலைமுறையா நாம்?

பேராக் மாநிலத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள் சற்றே நினைத்துப் பாருங்கள். பம்பர விளையாட்டு என்றால் என்ன? எதிராளியின் பம்பரத்தை ஆணியால் குத்திப் பிளப்பது! கோலிக்குண்டு என்றால் என்ன? அடுத்தவன் குண்டை அடித்து விரட்டுவது! சடுகுடு, கிட்டிப்புள், சிலம்பம் என எதை எடுத்தாலும் உள்ளே ஒரு போர் இருந்தது.

ஆனால், போர் தொடங்குமுன் ஒரு பெரிய வழக்காடல் நடக்கும். கோடு எது? எத்தனை முறை அடிக்கலாம்? குண்டு வேரில் பட்டுத் திரும்பினால் கணக்கில் சேருமா? சிறுவனுக்கு ஒரு வாய்ப்பு கூடுதலாகக் கொடுப்பதா? கங்காணி வந்து தீர்ப்புச் சொன்னதில்லை. கிராணியாரைக் கேட்டதில்லை. பிள்ளைகளே விதி செய்தனர். பிள்ளைகளே அதைக் காத்தனர். மீறியவனை 'அழுகுணி ஆட்டம் ஆடுகிறவன்' என்று சொல்லி மறுநாள் சேர்க்காமல் விட்டதும் பிள்ளைகளே. சட்டமன்றம், நீதிமன்றம் இரண்டும் அந்தப் பால்மர நிழலிலேயே நடந்தன.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் புந்தோங்கிலும் சிம்மோரிலும் சுங்கை சிப்புட்டிலும் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. தாயும் தந்தையும் முறைமாற்றி வேலைக்குப் போகும் வீட்டில், பிள்ளைக்கு வாய்த்த ஒரே திடல் கைப்பேசித் திரை. அத்திடலில் ஓடலாம், தாக்கலாம், வெல்லலாம். ஒன்று மட்டும் செய்ய முடியாது. கோட்டை எங்கே கிழிப்பது என்று வழக்காட முடியாது. கோடு முன்னமே கிழிக்கப்பட்டிருக்கிறது. கிழித்தவர் யாரென்று தெரியாது.

பிள்ளைகள் இழந்தது திடலை மட்டுமன்று. விதி செய்யும் உரிமையையும் இழந்துவிட்டார்கள்.

எந்திரப் போருக்கும் இலக்கணம் உண்டு

நம் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த சண்டை எந்திரச் சண்டை. மனிதன் உள்ளே அமர்ந்து ஓட்டும் பேரெந்திரத்தை 'மெக்கா' என்கின்றனர். 1979 ஏப்ரலில் சப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கண்டாம்' தொடர் இவ்வகைக் கதைகளை உலகெங்கும் பரப்பியது. நம் நாட்டின் மோன்ஸ்டா நிறுவனமும் எந்திரச் சண்டையை வைத்து 'மெச்சாமாத்தோ' திரைப்படத்தை 2022 டிசம்பரில் வெளியிட்டது. எந்திரன் படம் வரையச் சொன்னால் எழுதச் சோம்பும் மாணவனும் தாள் கேட்டு வருவான். இதை ஆசிரியர்கள் அறிவீர்கள்.

இந்த எந்திரப் போர்களுக்கு முறையான விதிநூல்கள் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1984இல் 'பேட்டில்டெக்' என்னும் பலகை ஆட்டம் வெளிவந்தது. அதன் வழியில் உருவாகி 2013இல் இணையத்தில் முறையாக வெளியானது 'மெக்வாரியர் ஆன்லைன்'. இவற்றின் விதிகளுள் இரண்டை மட்டும் பாருங்கள்.

முதலாவது, எடை விதி. எந்திரங்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. 20 முதல் 35 டன் வரை இலகு வகை. 40 முதல் 55 வரை நடுத்தர வகை. 60 முதல் 75 வரை கன வகை. 80 முதல் 100 வரை தாக்குதல் வகை. கனமான எந்திரம் பெரிய ஆயுதம் சுமக்கும். ஆனால் மெதுவாக நடக்கும். இலகு எந்திரம் அடி தாங்காது. ஆனால் ஓடி வளைத்து முதுகைத் தாக்கும். எல்லாம் ஒருவனுக்கே கிடைக்காது. குத்துச்சண்டையிலும் மற்போரிலும் எடைப்பிரிவு வைத்திருப்பது போன்ற நீதி இது.

இரண்டாவது, வெப்ப விதி. ஆயுதங்களைச் சுடச்சுட எந்திரத்துக்குள் வெப்பம் ஏறும். வெப்பம் மிகுந்தால் எந்திரம் தளரும். இன்னும் மிகுந்தால் நடுக்களத்தில் அணைந்து நின்றுவிடும். உள்ளிருக்கும் வெடிமருந்தே வெடித்துச் சிதறவும் கூடும். ஆகவே, இருக்கும் ஆயுதங்களையெல்லாம் ஒரே நொடியில் சுடுபவன் தன்னையே அழித்துக்கொள்வான். அடக்கம் தெரிந்தவனே வெல்வான்.

இந்த இரண்டாம் விதி எங்கோ கேட்டது போலத் தோன்றவில்லையா? சடுகுடு! பாடிப் போகிறவன் மூச்சை விடாமல் பாட வேண்டும். மூச்சு தீருமுன் தொட்டுத் திரும்ப வேண்டும். வீரம் எவ்வளவு இருந்தாலும் மூச்சுதான் எல்லை. பேரெந்திரத்தின் வெப்பமானியும் சடுகுடுக்காரனின் மூச்சும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வலிமைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதை நம் முன்னோர் கருவி எதுவுமின்றி ஆட்டத்துக்குள் வைத்தனர்.

'வெட்டினேன்' என்று எழுதக் கூடாது!

இணையத்தில் எந்திரப் போர் இன்னொரு வகையாகவும் நடக்கிறது. அதில் படம் இல்லை, ஒலி இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. ஒருவர் தம் எந்திரனின் செயலை ஒரு பத்தியாக எழுதுவார். எதிராளி அதைப் படித்துத் தம் மறுசெயலை ஒரு பத்தியாக எழுதுவார். இப்படியே போர் வளரும். ஆங்கிலம் பேசும் இளையோர் பல ஆண்டுகளாக இப்படி ஆடி வருகின்றனர். இத்தகைய ஆட்டங்களில் பரவலாகக் காணும் மூன்று விதிகளைத் தமிழாசிரியர்கள் கூர்ந்து நோக்க வேண்டும்.

ஒன்று: உன் தாக்குதலின் முடிவை நீயே எழுதாதே. 'அவன் கையை வெட்டினேன்' என்பது குற்றம். 'அவன் கையைக் குறிவைத்து வாளை வீசினேன்' என்பது சரி. வெட்டுப்பட்டதா, விலகினானா என்று சொல்லும் உரிமை எதிராளிக்கே உண்டு.

இரண்டு: தோல்வியே இல்லாத கடவுளாக உன்னை ஆக்கிக்கொள்ளாதே. வரும் அடிகள் அத்தனையையும் தட்டிவிடுபவனை அவையில் மதிக்க மாட்டார்கள். சில அடிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்ற அடியின் விளைவு அடுத்த பத்தியிலும் தொடர வேண்டும். உடைந்த கை அடுத்த வரியில் முளைக்கக் கூடாது.

மூன்று: எழுதுபவனுக்குத் தெரிந்ததெல்லாம் பாத்திரத்துக்குத் தெரியாது. மலைக்குப் பின்னால் எதிரி ஒளிந்திருப்பதை நீ படித்துவிட்டாய். ஆனால் உன் எந்திரன் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காததை அவன் அறிந்தவனாக எழுதாதே.

இவற்றைக் காட்டிலும் சிறந்த கட்டுரைப் பயிற்சி எது? முதல் விதி, வினைச்சொல்லின் நுட்பத்தைக் கற்பிக்கிறது. முயற்சிக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது என்று மாணவன் உணர்வான். இரண்டாம் விதி, முன்பத்திக்கும் பின்பத்திக்கும் தொடர்பு வேண்டும் என்று கற்பிக்கிறது. மூன்றாம் விதி, இன்னொருவர் கண்ணால் பார்க்கக் கற்பிக்கிறது. இம்மூன்றையும் நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். மாணவன் கொட்டாவி விடுகிறான். அதையே ஆட்டத்தின் விதியாகச் சொன்னால் அவன் அதற்காக வழக்காடுவான்!

பூச்சூடிப் போன போர்

"போரையா தமிழ் வகுப்பில் கற்பிப்பது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு ஒரு கேள்வி. புறப்பொருள் என்பது என்ன?

தொல்காப்பியம் புறத்திணைக்கென்றே ஓர் இயல் வகுத்தது. பின்னர் வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதை மேலும் விரித்தது. அந்நூலின்படி ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுவான். மீட்கப் போகிறவன் கரந்தை சூடுவான். மண் கொள்ளப் படையெடுப்பவனுக்கு வஞ்சி. அவனை எதிர்த்து நிற்பவனுக்குக் காஞ்சி. மதிலைக் காப்பவனுக்கு நொச்சி. மதிலை வளைப்பவனுக்கு உழிஞை. நேருக்கு நேர் பொருதால் தும்பை. வென்றவனுக்கு வாகை. இன்ன போருக்கு வருகிறேன் என்பதைத் தலையில் சூடிய பூவே அறிவித்தது. நோக்கம் மறைக்கப்படவில்லை.

வஞ்சிப் படலத்தில் 'தழிஞ்சி' என்றொரு துறை. புறமுதுகிட்டு ஓடுபவர்மேல் படைக்கலம் ஓச்சாத பெருவீரத்தைப் போற்றுவது. அடிக்க முடிந்தும் அடிக்காமல் விடுவதற்கு ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்! புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் அறப்போரைப் பாடுகிறார். அம்பு விடுமுன் பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் மகப்பேறில்லாதவரும் பாதுகாப்பான இடம் தேடிச் செல்லுமாறு முன்னறிவிப்புச் செய்யும் மரபு அதில் பேசப்படுகிறது.

பாரதக் கதையை எண்ணிப் பாருங்கள். குருச்சேத்திரப் போர் தொடங்குமுன் இரு தரப்பினரும் கூடி விதி வகுத்தனர். அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்ற இடத்தில் கேட்பவர் நெஞ்சு ஏன் கொதிக்கிறது? போரில் ஒருவன் இறந்ததற்காக மட்டுமன்று. விதி இறந்ததற்காக! கூத்துப் பார்த்து வளர்ந்த நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது.

ஆக, போர் விதியைப் பற்றிப் பேச ஒரு தமிழ்ப்பள்ளியைவிடத் தகுந்த இடம் இல்லை. ஆனால், இலக்கியத்தில் இத்தனை விதியை வைத்துக்கொண்டு, பிள்ளையை மட்டும் பூச்சூடாத களத்தில் இறக்கிவிட்டோம்.

கடைக்காரரே நடுவரானால்?

அந்தக் களத்தில் என்ன நடக்கிறது? இலவசமாகக் கிடைக்கும் சண்டை ஆட்டங்கள் பலவற்றில் ஆட்டத்தை நடத்துபவரே கடையும் வைத்திருக்கிறார். வலிய எந்திரம் வேண்டுமா? பணம் செலுத்து. இன்னும் வலிய ஆயுதம் வேண்டுமா? குலுக்கல் பெட்டி வாங்கு. உள்ளே என்ன இருக்கும் என்று திறக்கும்வரை தெரியாது. வேண்டியது வரவில்லையா? இன்னொரு பெட்டி வாங்கு. ஆடை, வண்ணம் போன்ற அழகுப் பொருள்களை மட்டும் விற்கும் ஆட்டங்களும் உண்டு. அவற்றை வேறாகவே வைத்துப் பேச வேண்டும். வலிமையையே விலைக்கு விற்கும் ஆட்டத்தில் எடை விதி இல்லை, வெப்ப விதி இல்லை. பணப்பை தீரும்வரை மூச்சும் தீராது. சடுகுடுவில் மூச்சை விற்றால் அதற்குப் பெயர் சடுகுடுவா?

இது வெறும் ஐயம் என்று ஒதுக்கிவிட வேண்டா. தென்கொரியாவின் நெக்சான் நிறுவனத்தின் 'மேப்பிள் ஸ்டோரி' என்னும் ஆட்டத்தைப் பாருங்கள். 2000களில் நம் நாட்டிலும் எத்தனையோ இளையோர் இரவு பகலாக ஆடிய ஆட்டம் அது. ஆயுதங்களின் ஆற்றலை மாற்றும் 'கியூப்' என்னும் குலுக்கல் பொருள் அதில் 2010 முதல் விற்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பிய பலன்கள் கிடைக்கும் வாய்ப்பை நிறுவனம் அவர்களுக்குச் சொல்லாமலே குறைத்தது. சில சேர்க்கைகளுக்கு வாய்ப்பைச் சுழியாகவே ஆக்கியது. இவ்வாறு அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் கண்டறிந்து, 2024 ஜனவரியில் 11.6 பில்லியன் வொன் அபராதம் விதித்தது. சுழி, அன்பர்களே! எத்தனை பெட்டி வாங்கினாலும் வராத ஒன்றுக்காகப் பிள்ளைகள் பெட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பால்மர நிழலில் இதற்குப் பெயர் அழுகுணி ஆட்டம்.

மற்ற நாடுகள் விழித்துக்கொண்டன. சிதறிக் கிடக்கும் பல குலுக்கல் பொருள்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால்தான் பரிசு என்னும் முறையைச் சப்பான் 2012இல் நிறுத்தியது. ஒவ்வொரு பொருளும் கிடைக்கும் வாய்ப்பை வெளியிட வேண்டும் என்று சீனா 2017இல் விதித்தது. பெல்ஜியம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. தென்கொரியாவும் 2024 மார்ச்சிலிருந்து வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவதைச் சட்டமாக்கியது. இந்நாடுகள் 'சண்டை கூடாது' என்று சொல்லவில்லை. 'விதியை மறைக்காதே' என்று சொல்லின. நாமும் பேச வேண்டிய மொழி இதுதான்.

தடை கேட்போர்க்கு

தடையினால் நோய் தீருமென்றால் நானும் கைதூக்குவேன். தீர்ந்ததா? தென்கொரியா 2011இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 16 அகவைக்குக் கீழ்ப்பட்டோர் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை இணைய ஆட்டம் ஆடக் கூடாது என்றது. சிறுவர்கள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு உள்ளே நுழைந்தனர். கணினி ஆட்டத்துக்கு இருந்த அத்தடை கைப்பேசி ஆட்டங்களைத் தொடவும் இல்லை. பத்தாண்டுகள் கழித்து, 2022 தொடக்கத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. இந்தியாவில் 2019 மார்ச்சில் பப்ஜி ஆடினார்கள் என்பதற்காக ராஜ்கோட் நகரில் இளைஞர்களைக் காவல்துறை கைது செய்தது. 2020 செப்டம்பரில் அந்நாட்டு அரசு தரவுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அவ்வாட்டத்தைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அது வேறு பெயரில் திரும்பி வந்தது.

தடை, பிள்ளையை ஒளிந்து ஆட வைக்கும். ஒளிந்து ஆடுபவன் ஏமாற்றப்பட்டால் யாரிடம் சொல்வான்? ஆட்டத்தில் யாரோ முன்பின் அறியாதவர் தகாத சொல் பேசினால் எவரிடம் முறையிடுவான்? 'நீ ஏன் ஆடினாய்' என்ற அடிதான் முதலில் விழும் என்று தெரிந்த பிள்ளை வாய் திறக்காது. உறங்கும் நேரத்துக்கும் படிக்கும் நேரத்துக்கும் வரம்பு வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், நேர வரம்பு என்பது விதி. காரணம் சொல்லாமல் விரட்டுவது விதியாகாது.

கைதட்டுவோர்க்கு

நம் நாடு 2019ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மின்விளையாட்டுக்கு 10 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. அதே 2019இல் பிலிப்பைன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டு பதக்க விளையாட்டானது. 2024 ஜூலையில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி ரியாத்தில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் பன்னாட்டுப் போட்டியில் வாகை சூடியது. மகிழ்ச்சி. யார் மறுத்தார்கள்?

ஆனால், அந்த வெற்றியைக் காட்டி உங்கள் பிள்ளையின் இரவு இரண்டு மணி ஆட்டத்தை நியாயப்படுத்தாதீர்கள். அந்த அணியினர் எப்படி ஆடுகின்றனர்? நடுவர் இருக்கிறார். பயிற்றுநர் இருக்கிறார். ஆட்டம் தொடங்குமுன் இரு தரப்பினரும் மாறி மாறிச் சில பாத்திரங்களை விலக்கி வைக்கும் முறை இருக்கிறது. எதிராளி யாரென்று தெரியும். மீறினால் தண்டனை தெரியும். அவர்கள் விதிக்குள் நின்று வென்றவர்கள். நம் பிள்ளையோ விதி தெரியாத களத்தில் தனியே நிற்கிறான். திடலில் பந்து உதைக்கும் எல்லாரும் தேசிய அணிக்குப் போவதில்லை. ஆனால் திடலில் நிற்கும் எல்லாருக்கும் ஆட்ட விதி தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு களம்

குறை மட்டும் சொல்லிப் போவது ஆசிரியனுக்கு அழகன்று. ஆண்டு 5, 6 மாணவர்களைக் கொண்டு ஒரு பாடவேளையில் செய்யக்கூடிய ஒன்றை முன்வைக்கிறேன். கைப்பேசி வேண்டா. மின்சாரமும் வேண்டா. ஆளுக்கு ஓர் அட்டையும் எழுதுகோலும் போதும். மூவர் மூவராக அமர்த்துங்கள். இருவர் பொருவர், ஒருவர் நடுவர். ஒவ்வொருவரும் அட்டையில் ஒரு பக்கம் தம் எந்திரனை வரைந்து தமிழ்ப் பெயர் சூட்டட்டும். மறுபக்கம் விதிகளை எழுதட்டும்.

1. ஒவ்வோர் எந்திரனுக்கும் மொத்தம் 20 புள்ளிகள். கவசம், வேகம், ஆயுதம், பார்வை ஆகிய நான்குக்கும் அவற்றைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரியவன் எவனும் இல்லை.

2. தொடர்ந்து இரண்டு முறை தாக்கியவன் மூன்றாம் முறை ஓய வேண்டும். இது வெப்ப விதி. மூச்சு விதி என்றும் சொல்லலாம்.

3. முயற்சியை மட்டுமே எழுத வேண்டும். முடிவை எதிராளி எழுதுவார். ஒவ்வொரு முறையும் இரண்டு வாக்கியங்களுக்குக் குறையக் கூடாது.

4. மூன்று தாக்குதல்களில் ஒன்றையேனும் ஏற்க வேண்டும். மற்றவற்றிலிருந்து எப்படித் தப்பினாய் என்பதற்குக் காரணம் எழுத வேண்டும்.

5. பின்வாங்கியவனைத் தாக்கக் கூடாது. இது தழிஞ்சி.

6. விதியை மாற்ற வேண்டுமானால் இருவரும் ஒப்ப வேண்டும். நடுப்போரில் மாற்றக் கூடாது.

ஐந்து சுற்று முடிந்ததும் நடுவர் தீர்ப்பு எழுதுவார். 'ஏனெனில்' என்னும் சொல் இல்லாத தீர்ப்புச் செல்லாது. அடுத்த வாரம் ஒவ்வொரு குழுவும் தானே ஏழாம் விதி ஒன்றை இயற்றட்டும். உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது. தனக்கு மட்டும் நன்மை தரும் விதியை எழுதுபவன், அடுத்த ஆட்டத்தில் அதே விதி தன்மேல் பாயக் காண்பான்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால், மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. 'நான் ஒரு பேனா' என்று எழுதி எழுதித் தேய்ந்த பிள்ளையிடம் 'நீ ஓர் எந்திரன், எதிரே இன்னொருவன், விதி இது' என்று சொல்லிப் பாருங்கள். வேறு தமிழ் வரும்.

பெற்றோருக்கு நான்கு கேள்விகள்

பிள்ளையிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்குமுன் பக்கத்தில் அமர்ந்து இந்த நான்கையும் கேளுங்கள். சண்டைக்காகக் கேட்க வேண்டா, தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

இந்த ஆட்டத்தில் பணம் கொடுத்தவனுக்குக் கிடைப்பது அழகா, வலிமையா?

பெட்டி திறந்தால் நீ விரும்பியது கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை? அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

நீ தோற்றவுடன் திரை உன்னிடம் என்ன சொல்கிறது? ஓய்வெடு என்கிறதா, வாங்கு என்கிறதா?

ஆட்டத்தை நடுவில் விட்டால் யாருக்கு என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி உங்களுக்கும் பயன்படும். மொபைல் லெஜண்ட்ஸ் போன்ற ஐவர் அணி ஆட்டங்களில் ஒருவன் நடுவில் மறைந்தால் மற்ற நால்வரும் தவிப்பார்கள். விட்டுப் போனவனுக்கு ஒழுக்கப் புள்ளி குறையும். 'இந்தக் கணமே வை' என்று நாம் அதட்டும்போது, அணியைக் காட்டிக்கொடு என்று அறியாமலே சொல்கிறோம். 'இந்த ஆட்டம் முடிந்ததும் வை, அடுத்தது தொடங்காதே' என்று முன்னமே பேசி வைத்தால் அது விதி. அந்த விதியைப் பிள்ளையும் ஒப்புவான். ஒப்பியதை மீறினால் கண்டிக்கவும் நமக்கு உரிமை உண்டு.

இன்று திரையில் எவரோ எழுதிய விதியைக் கேள்வி கேட்காமல் ஏற்கும் பிள்ளை, நாளை வேலையிடத்தில் நீட்டப்படும் ஒப்பந்தத்தையும் படிக்காமல் கையொப்பமிடுவான். கடன் தாளையும் அப்படியே கையொப்பமிடுவான். நம் பாட்டனார்கள் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்துக் கப்பலேறி வந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கத் தெரிந்தும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் பொத்தானைப் படிக்காமல் அழுத்துகின்றனர். எழுத்தறிவு கொடுத்துவிட்டோம் என்று தமிழ்ப்பள்ளிகள் பெருமைப்படுவதற்குமுன் இந்த வேறுபாட்டை எண்ண வேண்டும்.

பிள்ளைகள் போரிடட்டும். ஆனால், களத்தில் இறங்குமுன் கேட்கட்டும்: இந்த விதியை எழுதியவர் யார்? எனக்கும் அவருக்கும் ஒரே விதிதானா?

சிந்திப்போம். செயல்படுவோம்.